139 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) பேட்டரி ராட்செட்: வாங்கியதும் அளந்ததும்

தைப்பூசம் முடிந்த வாரத்தின் சனிக்கிழமை, பினாங்கு குளுகோரில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் பழைய மைவி காரின் டேஷ்போர்டை முழுவதுமாக இறக்கினேன். ஏர்கோனிலிருந்து பல மாதங்களாகப் புளித்த வாடை வந்துகொண்டிருந்தது. கூலிங் காயிலைக் கழற்றிக் கழுவாமல் அது போகாது என்று தெரிந்ததால், முதல் நாளே ஏர்கோன் கடைக்குப் போய்க் குளிர்பதன வாயுவை இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கச் செய்துவிட்டு, மறுநாள் காலை ஏழரை மணிக்கு வேலையில் கை வைத்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது இரவு ஒன்பது மணி. கழுவுவதற்கு ஆன நேரம் அதில் ஒரு மணி நேரம்கூட இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் குறுக்கே ஓடும் இரும்புக் குழாயையும் புளோவர் பெட்டியையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் நட்டுகளையும் கழற்றி மறுபடி மாட்டுவதிலேயே நாள் போயிற்று. காரின் தரையில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே கையை நீட்டி, ராட்செட்டை (ஒரு திசையில் போல்ட்டைத் திருப்பி, எதிர்த்திசையில் சும்மா வழுக்கித் திரும்பும் பற்சக்கர ஸ்பேனர்) ஒரு அங்குலம் இப்படியும் ஒரு அங்குலம் அப்படியுமாக ஆட்டிக்கொண்டிருந்ததில் வலது முழங்கை இரண்டு நாள் மடங்கவில்லை.

அந்த முழங்கை வலியோடுதான் பேட்டரி ராட்செட் வாங்கலாமா என்ற யோசனை வந்தது. வலியில் இருப்பவன் எதை வேண்டுமானாலும் வாங்கிவிடுவான் என்பதால், முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

8 மி.மீ. போல்ட்டின் சாதாரண மரைக்கு இடைவெளி 1.25 மி.மீ. அது 20 மி.மீ. ஆழம் இறங்கியிருந்தால், வெளியே வர 16 முழுச் சுற்றுகள் சுற்ற வேண்டும். இடம் தாராளமாக இருந்து கைப்பிடியைக் கால்வட்டம் வீச முடிந்தால் ஒரு சுற்றுக்கு நான்கு வீச்சுகள், மொத்தம் 64. டேஷ்போர்டுக்குப் பின்னால் கிடைத்தது ஏறத்தாழ 30 பாகைதான். அப்போது ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு வீச்சுகள், மொத்தம் 192. ஒரே ஒரு போல்ட்டைக் கழற்ற 192, திரும்ப மாட்ட இன்னொரு 192. என் கை ராட்செட்டில் 72 பற்கள் இருக்கின்றன. 5 பாகை நகர்ந்தாலே அடுத்த பல்லைப் பிடித்துவிடும் என்பதால் இந்த வேலை நடக்கவாவது செய்தது. 24 பற்கள் கொண்ட பழைய ராட்செட்டாக இருந்தால் ஒவ்வொரு முறையும் குறைந்தது 15 பாகை நகர்த்தியாக வேண்டும். அதே போல்ட்டை நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றும் ஒரு கருவி நான்கு விநாடிகளுக்குள் வெளியே எடுத்துவிடும். கணக்கு கருவியின் பக்கம்தான் பேசியது. ஆனால் இந்தக் கணக்கு ஏற்கெனவே தளர்ந்துவிட்ட போல்ட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை நான் அப்போது போதுமான அளவு யோசிக்கவில்லை.

இணையச் சந்தையில் தேடினால் நூறு வெள்ளியிலிருந்து இருநூறு வெள்ளிக்குள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பெயர்தான் வேறுவேறு, உடல் பெரும்பாலும் ஒன்றே. இவற்றை வாங்க நினைப்பவர் முதலில் வோல்ட் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பவை எல்லாம் லித்தியம் செல்கள். ஒவ்வொன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறியவுடன் 4.2 வோல்ட். ஆகவே ‘12.6 வோல்ட்’ என்றால் மூன்று செல்கள், ‘16.8 வோல்ட்’ என்றால் நான்கு, ‘21 வோல்ட்’ என்றால் ஐந்து. பெயர்பெற்ற நிறுவனங்கள் 18 வோல்ட் என்று விற்கும் பேட்டரியிலும் அதே ஐந்து செல்கள் வரிசைதான் இருக்கிறது. ‘88 விஎஃப்’, ‘128 விஎஃப்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பது மின்னழுத்தமே அல்ல; அப்படிப் படிக்கப்பட வேண்டும் என்று அச்சிடப்பட்ட ஒரு மாடல் எண்.

அடுத்தது முறுக்குவிசை எண். நான் பார்த்துவைத்த கருவிக்கு 60 நியூட்டன் மீட்டர் என்றும் நிமிடத்துக்கு 400 சுற்று என்றும் போட்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? மில்வாக்கியின் 12 வோல்ட் ‘ஃபியூவல்’ வரிசை 3/8 அங்குல ராட்செட்டுக்கு அந்நிறுவனம் தரும் எண்கள் 55 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 75 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 200 சுற்று. சிறிய மோட்டாரில் வேகத்தைக் கூட்டினால் விசை குறையும், விசையைக் கூட்டினால் வேகம் குறையும். இரண்டிலும் கை தாராளமாக இருக்கும் விளம்பரத்தைப் பார்த்தால் சந்தேகப்படுவதே முறை. சந்தேகப்பட்டேன். ஆனாலும் அந்த மில்வாக்கியைப் பேட்டரியோடும் சார்ஜரோடும் வாங்க ஆகும் தொகை என் சனிக்கிழமை வேலைகளுக்குக் கட்டுப்படியாகாது என்பதால், 139 வெள்ளி கொடுத்து இதையே வாங்கினேன்.

பெட்டியில் கருவி, இரண்டு பேட்டரிகள், ஒரு சார்ஜர், போல்ட் தலையைக் கவ்வும் ஏழு சாக்கெட்டுகள், ஒரு நீட்டிப்புத் தண்டு ஆகியவை இருந்தன. சாக்கெட்டுகளைப் பற்றி ஒரு வரி போதும்: 12 மி.மீ. சாக்கெட் போல்ட் தலையில் ஆடியதால் அவை அனைத்தையும் ஒதுக்கிவிட்டேன். சார்ஜரில் இரண்டு தட்டையான முள்கள். நம் மூன்று துளைச் சுவர்ச் சொருகியில் அது நேராகப் போகாது, மலேசியத் தரச்சான்றான சிரிம் ஒட்டும் அதில் இல்லை. விலை குறைந்த கருவியில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய பொருள் ராட்செட் அல்ல, இந்தச் சார்ஜர்தான் என்பது என் எண்ணம். வெற்றுச் சிமெண்டுத் தரையில் வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ் போட்டு, விளக்கு பச்சையானவுடன் பிடுங்கிவிடுகிறேன்.

முதல் சோதனை வேகம். சாக்கெட்டின் ஓரத்தில் வெள்ளைத் திருத்து மையால் ஒரு புள்ளி வைத்து, கைப்பேசியின் மெதுவியக்கப் படப்பதிவில், விநாடிக்கு 240 படங்கள் என்ற வேகத்தில் எடுத்தேன். புள்ளி ஒருமுறை சுற்றிவர 54 படங்கள் ஆயின. கணக்கிட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 267 சுற்றுகள். விளம்பரத்தின் 400-க்கு அருகில்கூட இல்லை. ஆனாலும் என் கைக்கு அது தாராளம். அந்தப் படத்தை ஓடவிட்டுப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. சாக்கெட் சீராகச் சுழலவில்லை. சற்று முன்னே போகிறது, நிற்கிறது, மயிரிழை அளவு பின்வாங்குகிறது, மறுபடி முன்னே போகிறது. கண்ணுக்குச் சுழற்சியாகத் தெரிவது உண்மையில் நொண்டியடித்து ஓடும் ஓட்டம். ஏன் என்பது பின்னால் தலையைத் திறந்தபோது புரிந்தது.

இரண்டாவது சோதனைதான் முக்கியமானது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. விமானப் பயணத்துக்கு முன் பெட்டியை எடைபோட வைத்திருக்கும் தொங்கு தராசு போதும். பாயான் லெப்பாஸில் நான் பராமரிப்புத் தொழில்நுட்பராக வேலை செய்யும் தொழிற்சாலையில் முறையான அளவீட்டு மேசை இருக்கிறது என்றாலும், சொந்தக் கருவியை அங்கே கொண்டுபோவது சரியல்ல. எனவே முதலில் 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுத் தராசைச் சரிபார்த்துக்கொண்டேன். பிறகு வைஸில் (மேசையில் பொருத்திய இரும்புப் பிடிப்பான்) ஒரு தடித்த போல்ட்டை அசையாதபடி இறுக்கி, அதன் தலையில் சாக்கெட்டையும் ராட்செட்டையும் மாட்டினேன். சாக்கெட்டின் நடுவிலிருந்து சரியாக 25 செ.மீ. தள்ளிக் கைப்பிடியில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைத் தராசில் கோத்து, தராசை மேசையின் காலில் கட்டினேன். கயிறு கைப்பிடிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும்; சாய்ந்தால் எண் பொய்யாகும். கருவியின் விசையை (சுவிட்சை) அழுத்தியவுடன் போல்ட் திரும்ப மறுக்கிறது, அதனால் கருவியின் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கிறது, கயிறு விறைக்கிறது, தராசு அந்த இழுவையைக் காட்டுகிறது.

மூன்று முறை செய்தேன்: 11.8, 11.5, 11.9 கிலோ. சராசரியை 9.8-ஆல் பெருக்கி 0.25-ஆல் பெருக்கினால் 29 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பேட்டரி பாதி இறங்கிய பிறகு 9.7 கிலோ, அதாவது 24-ஐ ஒட்டிய அளவு. அறிவித்த 60-இல் பாதியைக்கூட இது எட்டவில்லை. விற்பவருக்கு எழுதிக் கேட்டதற்கு, ஒரு சிரிப்பு முகமும் ஐந்து நட்சத்திரம் தரும்படி ஒரு வேண்டுகோளும் வந்தன.

ஆனால் 29 என்ற எண்ணை வெறும் ஏமாற்றமாக மட்டும் பார்த்துவிட முடியாது. அது எங்கே போதும், எங்கே போதாது, எங்கே அதிகம் என்று பார்க்க வேண்டும். பரவலாகப் புழங்கும் 8.8 தரத்துப் போல்ட்டுகளில், 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டரும், 8 மி.மீ. போல்ட்டுக்கு 25-உம், 10 மி.மீ. போல்ட்டுக்கு 50-க்குச் சற்றுக் குறைவான அளவும் தோராயமான இறுக்கம். நம் ஊரில் ஓடும் ஜப்பானிய மரபுக் கார்களில் இவற்றின் தலைகளுக்கு முறையே 10, 12, 14 நம்பர் ஸ்பேனர்கள். சிறிய கார்களின் சக்கர நட்டுகள் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியவை. இந்த ராட்செட் அவற்றைப் பார்த்து வணக்கம் சொல்வதோடு சரி. 14 நம்பரில் அது தானாக எதையும் தளர்த்தாது. 12 நம்பரில், துரு ஏறாமல் இருந்தால், சமாளிக்கும். 10 நம்பரில்தான் விபரீதம் இருக்கிறது: 10 போதும் என்ற இடத்தில் இது 29-ஐ இறக்கிவிடும்.

இந்த விபரீதத்தை நான் தாளில் எழுதிப் பார்ப்பதற்கு முன்பே காரில் பார்த்துவிட்டேன். மைத்துனரின் பழைய காரில் வால்வு கவரின் ஓரமாக எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. புதிய கேஸ்கெட் மாட்டிவிட்டு, கழற்றும்போது கிடைத்த சுகத்தில், மூடும்போதும் இதே கருவியைப் பிடித்தேன். முதல் நான்கு போல்ட்டுகள் நன்றாகவே இறங்கின. ஐந்தாவதில் ‘கரகர’ ஓசை கனத்து, நின்றுவிடும் என்று எதிர்பார்த்த நேரத்தில், மறுபடியும் மெல்லியதாகி ஓடத் தொடங்கியது. இரும்பு போல்ட் இறுகி நிற்கும்போது அப்படி ஓசை வராது. கையை எடுத்துப் போல்ட்டை விரலால் தூக்கினேன். அதன் மரையில் அலுமினியம் வெள்ளிக் கம்பிச்சுருள் போலச் சுற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்றிருந்த மைத்துனர், “என்ன மச்சான், முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார். முடிந்துதான் போயிருந்தது, அந்தத் துளையின் மரை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குக் காலையிலேயே போய், ஒரு பெரியவரிடம் அழிந்த மரைக்குப் பதிலாக எஃகுச் சுருள் இறக்கும் ஹெலிகாயில் பெட்டி, பாதி பயன்படுத்தியது, ஒன்றைப் பேரம் பேசி வாங்கி வந்தேன். துளையை 6.3 மி.மீ. துளைப்பானால் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப் என்னும் மரைவெட்டியால் புதிய மரை வெட்டி, எஃகுச் சுருளைத் திருகி உள்ளே இறக்கினேன். துளைக்கும்போது துகள் என்ஜினுக்குள் விழாமல் இருக்க, துளைப்பானின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி, அரை மி.மீ.க்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்தேன். சுருள் இறங்கிய துளை இப்போது மற்றவற்றைவிட உறுதியாகவே இருக்கிறது. அன்று மாலை, கருவியின் கைப்பிடியில் வெள்ளை நாடா ஒட்டி, அழியாத மையால் ‘10-க்குக் கடைசிச் சுற்று கையால்’ என்று எழுதிவைத்தேன். இப்போது 6 மி.மீ. போல்ட்டுகளைக் கருவியால் ஓட்டி, தலை அமர்வதற்கு ஒரு சுற்று முன்பே விசையை விட்டுவிட்டு, மீதியை டார்க் ரெஞ்சால் (முறுக்குவிசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) முடிக்கிறேன். நல்ல கருவியிலும் இதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப வேகம் மாறும் விசை நல்ல கருவியில் இருக்கும். இதில் அழுத்தினால் ஓட்டம், விட்டால் நிறுத்தம், நடுவில் எதுவும் இல்லை.

இரண்டாவது அனுபவம், வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டிய ஓர் அமைப்பைப் பற்றியது. திரும்பும் திசையை மாற்றும் குமிழி இந்தக் கருவியில் தலையின் முதுகில், சாக்கெட் மாட்டும் இடத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது. ஆல்டர்னேட்டரைப் பிடித்திருக்கும் நீளமான போல்ட் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதன் தலைக்கு எதிரே, ராட்செட்டும் சாக்கெட்டும் நுழைந்தபின் இரண்டு விரல் இடைவெளி விட்டு, காரின் பக்கச் சட்டம். போல்ட் கழன்று வெளியே வர வர, ராட்செட்டின் தலையையும் தன்னோடு பின்னால் தள்ளிக்கொண்டே வந்தது. அதை நான் கவனிக்கவில்லை. திடீரென்று ஓசை அடங்கியது. போல்ட் ஒருபக்கம் தள்ள, சட்டம் மறுபக்கம் தடுக்க, நடுவில் ராட்செட் அசைக்க முடியாதபடி சிக்கிக்கொண்டது. சாக்கெட்டைக் கழற்ற இடமில்லை. போல்ட்டைத் திரும்ப உள்ளே ஓட்டினால் இடம் கிடைக்கும். அதற்குத் திசையை மாற்ற வேண்டும். திசை மாற்றும் குமிழியோ சட்டத்தோடு ஒட்டி நசுங்கிக் கிடந்தது. மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு, குமிழியின் விளிம்பைச் சிறிது சிறிதாக நெம்பித் திருப்ப முப்பது நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. திசைமாற்றி கைப்பிடியின் பக்கவாட்டிலோ விசைக்கு அருகிலோ உள்ள மாடல் கிடைத்தால், இருபது முப்பது வெள்ளி கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள். என்னைப் போல் வாங்கிவிட்டவர்கள், எதிரே சுவர் உள்ள இடங்களில் போல்ட்டைப் பாதிவரை மட்டும் கருவியால் ஓட்டிவிட்டு, மீதியை விரலால் எடுப்பது நல்லது. விரலைப் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்றும்: இறுகிய போல்ட்டில் விசையை அழுத்தினால், தராசுக் கயிற்றை இழுத்த அதே முறுக்குவிசை உங்கள் கையை இழுக்கும். கைப்பிடிக்கும் இரும்புக்கும் இடையே விரல் இருந்தால் நகம் கறுக்கும்.

மூன்றாவதாக, இதை வெறும் கை ராட்செட் போலப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி. மோட்டாரை நிறுத்திவிட்டு, கையால் இழுத்துப் போல்ட்டைத் தளர்த்தி, பிறகு விசையை அழுத்தி ஓட்டலாம் என்பதுதான் இவ்வகைக் கருவியின் முழு வசதியும். 12 நம்பர்வரை அப்படிச் செய்தேன், எதுவும் ஆகவில்லை. இருக்கையைத் தரையோடு பிடித்திருக்கும் 14 நம்பர் போல்ட்டில் உடல் பாரத்தைப் போட்டு இழுத்தபோது, தலைக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டுக் கைப்பிடி வழுக்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு தளர்த்தும் திசையில் மட்டும் பத்து முறைக்கு ஒருமுறை வழுக்கியது.

சர்க்ளிப்பை (பூட்டு வளையத்தை) எடுத்துத் தலையைத் திறந்தேன். மோட்டாரின் வேகத்தைக் கோள் பற்சக்கரத் தொகுதி குறைக்கிறது. அதன் நுனியில் மையத்திலிருந்து விலகி ஒரு முளை. அந்த முளை சுற்றும்போது, தலைக்குள் இருக்கும் கவைபோன்ற ஒரு துண்டை இடமும் வலமுமாக ஆட்டுகிறது. கவையில் ஒரு கொக்கிப்பல். முன்னோக்கி ஆடும்போது கொக்கிப்பல் சாக்கெட் தாங்கும் அச்சின் பற்களைப் பிடித்துத் தள்ளும், பின்னோக்கி ஆடும்போது பற்களின் மேல் வழுக்கித் திரும்பும். படத்தில் கண்ட நொண்டியடிப்புக்குக் காரணம் இதுதான். பின்னோக்கி ஆடும் அந்தக் கணத்தில் அச்சு கூடவே திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்வது போல்ட்டின் உராய்வும், அச்சின் அடியில் உள்ள ஒரு வளைந்த வாஷரின் அழுத்தமும் மட்டுமே. போல்ட்டை மரையில் வைத்தவுடன் விசையை அழுத்தினால், அது முன்னேறாமல் ஒரே இடத்தில் நின்று நடுங்குவதும் இதனால்தான். முதல் இரண்டு சுற்றுகளை விரலால் போட்டுவிட்டால் நடுக்கம் நின்றுவிடுகிறது.

கொக்கிப்பல்லுக்கு இரண்டு முனைகள். ஒன்று இறுக்க, ஒன்று தளர்த்த. தளர்த்தும் முனையின் விளிம்பில் ஒரு சிறு துணுக்குப் பெயர்ந்திருந்தது. மாற்று உதிரி தனியாகக் கிடைக்கவில்லை. எண்ணெய்க்கல்லில் வைத்து விளிம்பை நேராக்கினேன். தலைக்குள் கிரீஸ் என்று இருந்தது ஒரு மூலையில் குன்றிமணி அளவுதான். பற்கள் எல்லாம் வறண்டு கிடந்தன. பழையதைத் துடைத்து, லித்தியம் கிரீஸை மெல்லிய பூச்சாகப் பூசி மூடினேன். அதிகம் திணித்தால் கொக்கிப்பல் கிரீஸில் மிதந்து பிடிக்காமல் போகும். இப்போது வழுக்கல் அரிது, சத்தமும் தாழ்ந்திருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் முதல் நாளே இதைத் திறந்து கிரீஸ் பூசிவிடலாம். உத்தரவாதம் போய்விடுமே என்று தயங்கத் தேவையில்லை, சிரிப்பு முகம் அனுப்புவதைத் தாண்டி அந்த உத்தரவாதத்துக்கு வேறு பொருள் இல்லை.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கிறது. சார்ஜர் தருவது 1 ஆம்பியர். முழுதாக இறங்கிய பேட்டரி ஒரு மணி இருபது நிமிடங்களில் நிறைந்துவிடுகிறது. அப்படியானால் அதில் ஏறத்தாழ 1330-க்கு மேல் இருக்க வழியில்லை. சனிக்கிழமை வேலைக்கு அதுவே போதும் என்றாலும், நம் வெயிலில் மூடிக்கிடக்கும் காரின் பின்பெட்டியில் இதை வைத்துவிட்டுப் போகாதீர்கள். லித்தியம் செல்லுக்கு வெப்பமும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் ஆயுள் விரைவாகக் குறையும். நான் பாதிச் சார்ஜில் வீட்டுக்குள் அலமாரியில் வைத்திருக்கிறேன். ஏற்கெனவே வீட்டில் பெயர்பெற்ற நிறுவனத்தின் 18 வோல்ட் துளைப்பான் இருப்பவர்கள், அந்தப் பேட்டரியை ஏற்கும் பெயரில்லா ராட்செட் உடலை மட்டும் வாங்குவது உண்டு. நல்ல செல்களும் முறையான சார்ஜரும் கிடைப்பதால் அது இதைவிடச் சிறந்த வழி. ஒரே எச்சரிக்கை: சில நிறுவனங்களின் பேட்டரிகள், மின்னழுத்தம் அடிமட்டத்துக்கு இறங்கும்போது நிறுத்தும் பொறுப்பைக் கருவியிடமே விட்டிருக்கின்றன; பெயரில்லாக் கருவியில் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். வேகம் குறைவது காதில் கேட்டவுடன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு அக்காவின் மைவிக்கும் அதே கூலிங் காயில் வேலை வந்தது. காலை ஏழரைக்குத் தொடங்கி மாலை நான்கரைக்கு முடித்தேன். மிச்சமான நான்கரை மணி நேரத்தையும் கருவியின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. எந்தப் போல்ட் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது முதல் முறையிலேயே பழகிவிட்டது. ஆகவே குறுக்குக் குழாயையும் புளோவர் பெட்டியையும் மாட்டும்போது இரண்டு விதமாகவும் செய்து கடிகாரத்தைப் பார்த்தேன். இடப்பக்கத்துப் போல்ட்டுகளைக் கை ராட்செட்டாலும், ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான வலப்பக்கத்துப் போல்ட்டுகளைப் பேட்டரி ராட்செட்டாலும் மாட்டினேன். கையால் 22 நிமிடங்கள், கருவியால் 9 நிமிடங்கள், கடைசி இறுக்கத்தைக் கையால் கொடுத்ததையும் சேர்த்து. முழங்கை மறுநாள் வழக்கம்போல் மடங்கியது. 139 வெள்ளியில் நான் உண்மையில் வாங்கியது அதைத்தான்.

எனவே என் கணக்கு இப்படி நிற்கிறது. நல்ல 72 பல் கை ராட்செட்டும் ஒரு டார்க் ரெஞ்சும் இன்னும் வாங்காதவர், இந்த 139 வெள்ளியை முதலில் அவற்றுக்குக் கொடுக்கட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை எண்ணெய் மாற்றுவதும் சக்கரம் கழற்றுவதும் மட்டுமே வேலை என்றால் இது எதற்கும் உதவாது. 10, 12 நம்பர் போல்ட்டுகள் நிறைய உள்ள, கை வீச இடமில்லாத வேலைகளை மாதம் ஒருமுறையாவது எடுத்துச் செய்பவருக்கு, இதை மரை ஓட்டும் கருவியாக மட்டும் நினைத்து வாங்கினால், கொடுத்த காசு வீண்போகாது.

ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமா, ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது இதை எடுத்துக் கையில் எடைபார்த்தார். முப்பது ஆண்டுகளாகக் காற்று ராட்செட் பிடித்த கை அது.

“ஓஸ் இழுக்க வேண்டியதில்ல, கம்ப்ரஸர் வேண்டியதில்ல. ரோட்டுல நின்னுபோன காருக்குப் பெல்ட் மாத்தப் போறப்ப இது இருந்தா நல்லாத்தானடா இருக்கும்?” என்றார்.

“உங்க வேலைக்கு இது தாங்காது மாமா. பட்டறையிலதான் 18 வோல்ட் பேட்டரி நாலு வச்சிருக்கீங்களே, அதே கம்பெனியோட ராட்செட்ட வாங்கிக்குங்க” என்று சொல்லி, தராசுக் கணக்கையும் உடைந்த கொக்கிப்பல்லையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, போகும்போது கருவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. இரண்டு பேட்டரிகளும் இறங்கிக் கிடந்தன. நீட்டிப்புத் தண்டைக் காணவில்லை. கைப்பிடியில் நான் ஒட்டியிருந்த வெள்ளை நாடாவில், என் வரிக்குக் கீழே, அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது: ‘14-க்கு ஸ்பேனர்.’